ஒக்கி புயலுக்குப் பின்ன தொறக்காத 386: குலசேகரம் பக்கத்து ரப்பர் கடை கேஸ்

2017 நவம்பர் 30-ல ஒக்கி அடிச்சப்ப நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கரண்ட் கம்பம் சாஞ்சது கொஞ்சநஞ்சமில்ல, குலசேகரம் திருவட்டார் அருமனை பக்கம்லாம் ரப்பர் மரம் வேரோட விழுந்தும் நடுவுல முறிஞ்சும் கெடந்துது, கடலுக்கு போனவங்க எத்தனையோ பேரு திரும்பி வரல. அந்த நேரத்துல ஒரு கம்ப்யூட்டர் ஓடலன்னு பேசுற நெலமையில யாரும் இல்ல. ஆனா குலசேகரம் பக்கத்துல ரப்பர் வாங்குற ஒரு கடையில அதுதான் பெரிய பிரச்சனையா இருந்துது. மரம் போன சின்ன விவசாயிங்க ஒவ்வொருத்தரா வந்து "எனக்கு கணக்குல எவ்வளவு நிக்குது, இப்ப குடுத்தா வீட்டுக்கு ஓடு போடுவேன்"னு நிக்காங்க, அந்த கணக்கு மொத்தமும் 1994-ல வாங்கின ஒரு 386 கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு, அது தொறக்க மாட்டேங்குது.

நான் தக்கலைல சர்வீஸ் கடை வச்சிருக்கேன், 1996-ல இருந்து இதே வேலதான். பழைய சிஸ்டம் நல்லதா புதுசு நல்லதான்னு ஆளுங்க சண்ட போடுறத அன்னைலருந்து கேக்கேன், ரெண்டு பக்கமும் ஒரே தப்பு பண்றாங்க, முழு மெஷினையும் ஒரே பொருளா நெனச்சு பேசுறாங்க. உள்ள இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் ஆயுசு வேற, சாவு வேற. எது செத்தா கடையில 50 ரூவாக்கு கெடைக்கும், எது செத்தா எத்தன லட்சம் குடுத்தாலும் கெடைக்காது, அத பிரிச்சு பாக்காம பேசினா வாதம் முடியவே முடியாது. இந்த ஒரு கேஸ்ல அது எனக்கு நல்லா வெளங்குனதால நடந்தத முழுசா எழுதுறேன்.

கடையும் மெஷினும்

மெஷின் ஏஎம்டி 386டிஎக்ஸ், 40 மெகாஹெர்ட்ஸ், ராம் 4 எம்பி, ஹார்ட் டிஸ்க் 170 எம்பி. அஞ்சேகால் இஞ்சு ஃப்ளாப்பி ஒண்ணு, மூணரை இஞ்சு ஒண்ணு, கருப்பு வெள்ள மானிட்டர், எழுத்து மட்டும் காட்டுற பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டம் எம்எஸ் டாஸ் 6.22, அகலமான 132 காலம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கீபோர்டு மட்டும் பின்னால மாத்தினது, டிவிஎஸ் கோல்ட், கட்டக்கட்டன்னு சத்தம் வருமே அதுதான். சாஃப்ட்வேர் ஃபாக்ஸ்ப்ரோங்கிற டேட்டாபேஸ் மொழில எழுதினது, எழுதிக்குடுத்த ஆளு நாகர்கோவில்காரர், பின்ன கல்ஃபுக்கு போய்ட்டாராம், அவர் எழுதின மூலம், அதாவது சோர்ஸ் கோடு, கடையில இல்ல, ஓட மட்டும் செய்ற, திருத்த முடியாத இஎக்ஸ்இ ஃபைல்தான் இருக்கு.

அந்த சாஃப்ட்வேர் செய்ற வேல சாதாரணமா தெரியும், ஆனா அந்த தொழிலுக்கு அதுதான் உயிரு. ஷீட்டா கொண்டு வந்தா கிரேடு பாத்து எடை போட்டு வெல, பாலா கொண்டு வந்தா எடைய அப்படியே எடுக்க முடியாது, பால்ல காஞ்ச ரப்பர் எத்தன சதவீதம்னு பாக்கணும், அதத்தான் டிஆர்சின்னு சொல்றது, 100 கிலோ பால்ல டிஆர்சி 33-ன்னா 33 கிலோ ரப்பருக்குத்தான் காசு. பின்ன மழக்காலத்துல பால் வெட்டு இல்லாதப்ப விவசாயி வாங்குன முன்பணம், அத தவணையா புடிச்சது, ஒட்டுப்பால் (மரத்துலயும் செரட்டையிலயும் ஒட்டிக் காஞ்ச ரப்பர்) கணக்கு, எல்லாம் ஆளுக்கொரு கோடு நம்பர்ல. கணக்குப்பிள்ளைக்கு அப்ப 64 வயசு, 1994-ல இருந்து அவருதான் அதுல உக்காந்திருக்கார், கீபோர்ட பாக்காமலே அடிப்பார், ஆளு வாசல்ல வரும்போதே கோடு நம்பர் விரல்ல வந்துரும்.

என்ன நடந்துது

பன்னெண்டு நாளு கழிச்சு கரண்ட் வந்துது. சுவிட்ச் போட்டா மெமரி எண்ணுது, பீப் அடிக்குது, சிமாஸ் பாட்டரி லோன்னு வந்து நிக்குது. மொதலாளியோட பையன், காலேஜ் முடிச்சு ரெண்டு மூணு வருஷமா கடைய பாத்துக்கிறவன், பக்கத்து டவுன்ல இருந்து ஒரு சர்வீஸ் பையன கூட்டிட்டு வந்தான். அந்த பையன் பயாஸ்குள்ள, அதாவது சுவிட்ச் போட்டதும் மொதல்ல ஓடுற போர்டோட சொந்த புரோகிராம்குள்ள போய் ஹார்ட் டிஸ்க் "நாட் இன்ஸ்டால்டு"ன்னு இருக்கிறத பாத்துட்டு பட்டியல்ல இருந்த ஏதோ ஒரு டைப்ப போட்டு சேவ் பண்ணிட்டான். அடுத்த தடவ தொறந்தா "மிஸ்ஸிங் ஆப்பரேட்டிங் சிஸ்டம்". உடனே டிஸ்க் போச்சு, ஃபார்மட் அடிச்சு பாப்போம்னு சொல்லியிருக்கான். கணக்குப்பிள்ளை எழுந்து சுவிட்ச அணைச்சிட்டு "தொடாத மக்ளே, இதுல ஊரு கணக்கு கெடக்கு"ன்னு சொல்லிட்டு எனக்கு போன் போட்டார். அந்த பையன நான் குத்தம் சொல்லமாட்டேன், அவன் பொறந்த வருஷத்துக்கு முந்தின மெஷின் அது, தானா கண்டுபிடிக்காத ஹார்ட் டிஸ்க்க அவன் கண்டதே இல்ல. ஆனா தெரியாத எடத்துல ஃபார்மட்னு வாய்ல வரக்கூடாது, அத மட்டும் அவன்கிட்டயே சொன்னேன்.

ஏன் அந்த எரர்

இத கொஞ்சம் விரிவா சொல்லணும், பழைய சிஸ்டத்தோட பலமும் பலவீனமும் இந்த ஒரே எடத்துல சேந்து கெடக்கு.

1984-ல ஐபிஎம் ஏடி வந்ததுலருந்து பிசியில செட்டிங் எல்லாம் ஒரு குட்டி சிமாஸ் மெமரில நிக்கும், அத உயிரோட வைக்கிறது ஒரு பாட்டரி. இந்த போர்டுல பயாஸ் பழசு, டிஸ்க தானா கண்டுபிடிக்கிற வசதி கெடையாது. டிஸ்க்குல எத்தன சிலிண்டர், எத்தன ஹெட், ட்ராக்குக்கு எத்தன செக்டர்னு நாமதான் சொல்லணும். பயாஸ்ல 46 ரெடிமேட் டைப் இருக்கும், உன் டிஸ்க் அதுல இல்லன்னா 47-ல கையால எழுதணும். பாட்டரி செத்ததும் அந்த மூணு நம்பரும் மறந்து போச்சு.

இப்ப ஒரு விஷயம் பாருங்க. டிஸ்க்கோட மொதல் செக்டர் எந்த கணக்குல பாத்தாலும் மொதல் செக்டர்தான், அதனால டிஸ்க எப்படி பிரிச்சிருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள் இருக்கிற அந்த எடத்த மெஷின் ஒழுங்கா படிச்சிரும். அதுல "அடுத்து ஹெட் 1, செக்டர் 1-க்கு போ"ன்னு எழுதியிருக்கும். ட்ராக்குக்கு 55 செக்டர்னு சரியா சொல்லியிருந்தா அது 55 தாண்டி போய் நிக்கும். அந்த ரெடிமேட் டைப்புல முக்காவாசி 17 செக்டர் கணக்கு, அத போட்டா 17 தாண்டி போய் நிக்குது, அங்க ஒண்ணும் இல்ல, உடனே ஆப்பரேட்டிங் சிஸ்டம காணோம்னு சொல்லுது. வீட்டு நம்பர் சரி, தெருவ எண்ணுன விதம் தப்பு. டிஸ்க்குல ஒரு பிட்டு கூட அழியல. அந்த நெலமையில எஃப்டிஸ்க்கோ (டிஸ்க பிரிக்கிற டாஸ் கட்டளை) ஃபார்மட்டோ ஓட்டியிருந்தா தப்பான எடத்துல எழுதி உள்ளத கெடுத்திருக்கும், இருபத்து மூணு வருஷ கணக்கு அன்னைக்கு சாயங்காலத்தோட முடிஞ்சிருக்கும்.

சரி, நம்பருக்கு எங்க போறது. டிஸ்க் மேல ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஈரத்துல வெளுத்து பாதி கரப்பான் தின்னுட்டுது. கேபினெட் மூடிய கழட்டி ஓரமா வச்சப்ப உள்பக்கம் பென்சில்ல எழுதியிருந்துது: 1010 - 6 - 55. 1994-ல பொருத்துன ஆளு எழுதி வச்சிட்டு போயிருக்கார். பெருக்கிப் பாத்தேன், 1010 சிலிண்டர், 6 ஹெட், 55 செக்டர், செக்டருக்கு 512 பைட், மொத்தம் 17,06,49,600 பைட், சரியா 170 எம்பி. யாருன்னே தெரியாத அந்த மனுசனுக்கு நான் இன்னைக்கும் நன்றியா இருக்கேன்.

உடனே நம்பர போட்டு தொறக்கல. மொதல்ல போர்ட பாத்தேன். கீபோர்டு சாக்கெட் பக்கத்துல குட்டி பீப்பா மாதிரி 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி, போர்டோட சேத்து ஈயம் வச்சது, 386 486 காலத்து போர்டுல இது சாதாரணம். அது கசிஞ்சு சுத்தி ரெண்டு விரல் அகலத்துக்கு பச்சையா பூத்திருக்கு. ரப்பர் கடைங்கிறதால எனக்கு ஒரு சந்தேகமும் வந்துது, ஷீட் உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊத்துறாங்க, பால் கெடாம இருக்க அமோனியா சேக்கிறாங்க, புகைக்கூடமும் பத்தடி தள்ளிதான் இருக்கு, இதெல்லாம் செம்ப தின்னும். ஆனா பச்ச பாட்டரிய சுத்தி மட்டுந்தான், மத்த எடத்துல சாக்கெட் கால் கொஞ்சம் கருத்திருக்கு அவ்வளவுதான். அப்போ காத்த குத்தம் சொல்ல முடியாது, பாட்டரிதான்.

கணக்குப்பிள்ளைட்ட கேட்டேன், "மாமா, இதுக்கு முன்ன கடியாரம் தப்பா காட்டிச்சா?" "அது மூணு வருஷமா திங்கக்கிழம தப்பாத்தான் காட்டும், நான் தேதிய அடிச்சிட்டு வேலைய பாப்பேன்"னார். அங்கதான் கேஸோட மூலமே இருக்கு. அந்த பாட்டரி மெஷின் ஓடும்போது தானா சார்ஜ் ஆகும். கடை தெனமும் ஓடுனதால சாகக்கெடந்த பாட்டரிக்கு தெனமும் கொஞ்சம் உயிர் கெடைச்சிட்டே இருந்துது, ஞாயிறு ஒரு நாள் லீவுக்கே அது தள்ளாடியிருக்கு, பன்னெண்டு நாள் தொடர்ச்சியா கரண்ட் இல்லாதப்ப மொத்தமா போய்ட்டுது. புயல் அத கொல்லல, மூணு வருஷமா இருந்த நோவ வெளிய காட்டிச்சு.

சரி பண்ணது

இது நீளமா சொல்ல ஒண்ணுமில்ல. பாட்டரிய வெட்டி எடுத்தேன். கசிஞ்சது காரம், அதனால வினிகர தொட்டு டூத் பிரஷ்ல தேச்சேன், பின்ன ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் வச்சு கழுவி வெயில்ல வச்சேன். ரெண்டு ட்ராக் அறுந்திருந்துது, மெல்லிசு வயர் வச்சு பாலம் போட்டேன். வெளி பாட்டரிக்குன்னு போர்டுல நாலு பின் தனியா இருந்துது, அதுல மூணு பென்சில் பாட்டரி ஹோல்டர நீளமா வயர் விட்டு கேபினெட்டுக்கு வெளிய ஒட்டினேன், இனி கசிஞ்சாலும் போர்டுல விழாது. பவர் சப்ளையோட பி8 பி9 கனெக்டர மறுபடி மாட்டும்போது கருப்பு வயரெல்லாம் நடுவுல சேந்து வருதான்னு ரெண்டு தடவ பாத்தேன், மாத்தி மாட்டுனா போர்டு போச்சு, அத தடுக்கிற எந்த வசதியும் அந்த காலத்து ஏடி சப்ளைல இல்ல.

பயாஸ்ல 47-ல நம்பர போட்டு, ரைட் புரொடக்ட் பண்ணுன டாஸ் ஃப்ளாப்பில பூட் பண்ணேன். ஃபைல் பட்டியல் காட்டுற டிஐஆர் கட்டளைய அடிச்சா எல்லா ஃபைலும் வரிசையா வந்து நிக்குது. கணக்குப்பிள்ளை ஒண்ணும் பேசல, எழுந்து போய் பின்னால குழாயில மூஞ்சி கழுவிட்டு வந்தார்.

கணக்க வெளிய எடுத்தது

தொறந்துட்டுதேன்னு நிக்கக்கூடாது, மொத வேல கணக்க வேற எடத்துக்கு கொண்டு போறது. பையன் யூஎஸ்பி கன்வெர்ட்டர் கேபிள் ஒண்ணு வாங்கி வச்சிருந்தான், டிஸ்க கழட்டி லேப்டாப்ல மாட்டுவோம்னான். அது ஆகாது. இந்த மாதிரி பழைய ஐடிஇ டிஸ்க்குக்கு எல்பிஏ முறை (செக்டர 0, 1, 2-ன்னு ஒரே வரிசையா எண்ணுறது) தெரியாது, சிலிண்டர் ஹெட் செக்டர்னு சொன்னாத்தான் புரியும், யூஎஸ்பி கன்வெர்ட்டர் முக்காவாசி எல்பிஏ மட்டுந்தான் பேசும். மாட்டிப் பாத்தோம், லேப்டாப் கண்டுக்கவே இல்ல.

எங்கிட்ட ஒரு பென்டியம் 3 மெஷின் இருக்கு, அத யாருக்கும் விக்க மாட்டேன். அதுல ஃப்ளாப்பி இருக்கு, பேரலல் போர்ட் இருக்கு, சீரியல் போர்ட் இருக்கு, கூடவே யூஎஸ்பியும் லேன் கார்டும் இருக்கு. 386-கிட்டயும் பேசும், இன்னைக்கு வாங்குன லேப்டாப்கிட்டயும் பேசும். திருவட்டார் பக்கம் மாத்தூர் தொட்டிப்பாலம் நிக்குதே, 1966-ல கட்டினது, 115 அடி ஒசரம், இந்த மலைலருந்து அந்த மலைக்கு தண்ணி கொண்டு போறது, நடுவுல அது இல்லன்னா அங்கிட்டு வெவசாயமே இல்ல, எனக்கு அந்த பென்டியம் 3 அப்படித்தான். பழசு புதுசுன்னு சண்ட போடுறவங்க ரெண்டு பேருமே இந்த நடுவாந்தர மெஷின குப்பையில போடுறாங்க, எனக்கு அதுல வருத்தம் உண்டு.

பேரலல் கேபிள் போட்டு டாஸோட வர்ற, ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஃபைல் அனுப்புற இன்டர்லிங்க், இன்டர்சர்வர் வச்சு மொத்த டேட்டாவையும் இழுத்தேன். ஃபாக்ஸ்ப்ரோ கணக்க வைக்கிற டிபிஎஃப் ஃபைல் எல்லாம் சேத்து 25 எம்பி கூட இல்ல. ஊருல முக்காவாசி ரப்பர் விவசாயியோட இருபத்து மூணு வருஷ கொடுக்கல் வாங்கல், இன்னைக்கு போன்ல எடுக்கிற அஞ்சாறு போட்டோ அளவு. லேப்டாப்ல லிப்ரே ஆஃபீஸ் கால்க்ல தொறந்தா நேரா தொறந்துது. டிபிஎஃப்-ல மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல, தலைப்புல எந்த காலம் எவ்வளவு நீளம்னு எழுதியிருக்கும், கீழ வரிசையா ரெக்கார்டு. எழுதின ஆளு இல்லாட்டாலும் சோர்ஸ் இல்லாட்டாலும் கணக்கு நம்ம கையில வந்துரும். பழைய சிஸ்டத்தோட பலம்னு நான் முழு மனசோட ஒத்துக்கிறதுல மொதல் விஷயம் இது.

அன்னைக்கு சாயங்காலமே பாக்கி பட்டியல் அடிச்சு குடுத்தோம், மூணு காப்பி, கார்பன் வச்சு. மறுநாள் காலைலருந்து மொதலாளி பணம் குடுக்க ஆரம்பிச்சார்.

வாதம்

அந்த வாரம் ஞாயித்துக்கிழம சாயா குடிச்சிட்டு திண்ணையில உக்காந்து பேசினோம், மொதலாளி, பையன், கணக்குப்பிள்ளை, நானு. மொதலாளி அதிகம் பேசல.

பையன் சொன்னதுல நியாயம் இருந்துது. "அண்ணே, ஜூலை 1-லருந்து ஜிஎஸ்டி வந்துட்டு, ரப்பருக்கு 5 சதவீதம், இந்த சாஃப்ட்வேர்ல அந்த காலமே இல்ல. மாமா அடிச்ச பில்ல ஆடிட்டர் ஆபீஸ்ல மறுபடி ஒருத்தர் உக்காந்து அடிக்காங்க, அஞ்சு மாசமா ரெட்ட வேல, நடுவுல தப்பும் வருது. இத யாரால திருத்த முடியும், சோர்ஸ் எங்க?" இதுக்கு கணக்குப்பிள்ளைட்டயும் பதில் இல்ல, எங்கிட்டயும் இல்ல.

கணக்குப்பிள்ளை சொன்னது வேற: "மக்ளே, சுவிட்ச் போட்டா அர நிமிஷத்துல பில்லு போட ரெடி. நான் அடிக்கிற வேகத்துக்கு அது நிக்குது, ஒரு நாளும் அப்டேட்டுன்னு சொல்லி என்ன காக்க வச்சதில்ல. டிவியில சொன்னாங்களே வன்னாக்ரைன்னு ஒரு வைரஸ், மே மாசம், ஆஸ்பத்திரியே பூட்டிக்கிச்சுன்னு, எனக்கு அந்த பயம் உண்டா?" வேகத்த பத்தி அவர் சொன்னது உண்மை, கீய தட்டுனா எழுத்து அந்த நொடியே திரையில நிக்கும், மௌஸ் தேடவேண்டாம், அந்த வேலைய மட்டும் செய்ற மெஷின் அது. ஆனா வைரஸ் விஷயத்த நான் திருத்தினேன். டாஸ் காலத்துலயும் வைரஸ் இருந்துது, 1986-லேயே பிரைன்னு ஒண்ணு ஃப்ளாப்பி பூட் செக்டர்ல ஒக்காந்து பரவிச்சு, மார்ச் 6-ஆம் தேதி டிஸ்க அழிக்கிற மைக்கேலாஞ்சலோவுக்கு பயந்து அந்த தேதில மெஷினே தொறக்காத ஆபீஸ் இருந்துது. இந்த 386 பாதுகாப்பா இருக்கிறது அது பழசுங்கிறதால இல்ல, அதுல வெளிலருந்து எதுவும் போகாததால. அதே காரணத்தாலதான் ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதுலருந்து வெளிய போகாது.

அப்புறம் கணக்குப்பிள்ளை எல்லாரும் சொல்ற அந்த வாதத்த எடுத்தார், பழசுன்னா உறுதி, புதுசு தாங்காது. அவர்கிட்ட சாட்சியும் இருந்துது. 2004-ல அதே கடையில பென்டியம் 4 ஒண்ணு வாங்கினாங்க, 2009-ல செத்துது, 386 ஓடிட்டுத்தான் இருந்துது. அந்த பென்டியம் 4 போர்ட பரண்லருந்து எடுத்து பாத்தேன், ப்ராசசர் பக்கத்துல இருக்கிற கெபாசிட்டர் எல்லாம் தல வீங்கி, ரெண்டு கசிஞ்சு. அது அந்த காலத்து நோய், 2000 வாக்குலருந்து சில வருஷத்துக்கு தரமில்லாத எலக்ட்ரோலைட் ஊத்துன கெபாசிட்டர் உலகம் பூரா போர்டுல வந்து வீங்கி வெடிச்சுது. அது போக அந்த காலத்து சில பென்டியம் 4 சிப்பு 100 வாட்டுக்கு மேல சூடு தள்ளும், அந்த சூட்டுலயே கெபாசிட்டர் காயும், ஃபேன் புகைக்கூடத்து கரிய உள்ள இழுக்கும். 386-க்கு சிப்பு மேல ஃபேனும் இல்ல, ஹீட் சிங்க்கும் இல்ல, தேவையும் இல்ல. அப்போ 386 தாங்குனது வயசால இல்ல, கொறஞ்ச கரண்ட், கொறஞ்ச சூடு, அதால.

இன்னொண்ணும் சொன்னேன். மாமா, நான் கடை தொடங்குன காலத்துலருந்து எத்தனையோ 386-ம் 486-ம் என் கையால கழட்டி ஆக்கருக்கு எடைக்கு போட்டிருக்கேன், பாட்டரி கசிஞ்சு போர்டே தின்னது, டிஸ்க் பேரிங் போனது, சப்ளை வெடிச்சது. அதெல்லாம் யாரும் எண்ணுறதில்ல. மிச்சம் நிக்கிற ஒண்ண பாத்து அந்த காலத்து மெஷினே சாகாதுன்னு சொல்றோம். ஊருல 95 வயசு பாட்டி ஒருத்தங்க நடமாடுறாங்கன்னு அந்த காலத்து ஆளுங்க எல்லாருக்கும் நீண்ட ஆயுசுன்னு சொல்ல முடியுமா. அவர் கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு "அது செரிதான்"னார்.

எனக்கு பெரிய பலவீனமா பட்டது ஹார்டுவேரே இல்ல. சாஃப்ட்வேர்ல பேருக்கு 20 எழுத்துதான் எடம். நம்ம பக்கம் பேருக்கு முன்ன வீட்டுப்பேரும் விளைப்பேரும் (விளைன்னா தோட்டம்) சேரும், 20-ல வெட்டுனா ஒரே விளையில ரெண்டு மூணு பேரு ஒரே மாதிரி ஆய்ருவாங்க. அப்படி முப்பது ஜோடிக்கு மேல இருந்துது, யாரு எந்த கோடுங்கிறது கணக்குப்பிள்ளை மண்டையில மட்டுந்தான். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தா கடைக்கு யாருக்கு யாரு பணம்னு தெரியாது. பாட்டரி 60 ரூவா, டிஸ்க்குக்கு மாத்து இருக்கு, போர்டு கூட தேடுனா கெடைக்கும், அந்த முப்பது ஜோடிக்கு மாத்து எங்கயும் கெடையாது. இத சொன்னப்பதான் மொதலாளி மொத தடவ வாய தொறந்தார், "நாளைலருந்து அத எழுதுங்க"ன்னார்.

என்ன முடிவெடுத்தோம்

மெஷின மார்ச் 31 வர ஓட்டுறது, கணக்கு வருஷம் நடுவுல மாத்தக்கூடாது. ஏப்ரல் 2018-லருந்து ஜிஎஸ்டி பில் போடுற புது சாஃப்ட்வேர், புது மெஷின்ல. அதுக்குள்ள பையனும் கணக்குப்பிள்ளையும் தெனம் ஒரு மணி நேரம் உக்காந்து ஒவ்வொரு கோடுக்கும் முழு பேரு, விளை, அப்பா பேரு எழுதணும். அந்த மூணு மாசத்துலதான் அவங்க ரெண்டு பேருக்கும் இருந்த மொறப்பு போச்சுன்னு மொதலாளி பின்னால சொன்னார்.

பழைய பில்ல பாக்கணுமே, அதுக்கு இஎக்ஸ்இ ஓடணும். பென்டியம் 3-ல நேரா ஓட்டிப் பாத்தேன், தொறந்ததும் டிவைட் எரர்னு விழுந்துது. இது பழைய நோய், புரோகிராம் தொடங்கும்போது ஒரு லூப்ப ஓட்டி ப்ராசசர் வேகத்த அளக்கும், அத எழுதுன காலத்துல இவ்வளவு வேகமா ஒரு ப்ராசசர் வரும்னு யாரும் நெனைக்கல, கணக்கு அடங்காம வகுத்தல் உடையுது. டர்போ பாஸ்கல்ல எழுதுன புரோகிராம்ல இதே சாதி நோய் ரன்டைம் எரர் 200-ன்னு வரும். ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட்டது உண்டு, ஆனா புது மெஷின் 64 பிட் விண்டோஸ் 10, அதுல 16 பிட் புரோகிராம் ஓடவே ஓடாது, அதனால டாஸ்பாக்ஸ் போட்டேன், புது மெஷினுக்குள்ள பழைய டாஸ் மெஷின் மாதிரி நடிக்கிற புரோகிராம் அது. அதுல வேகத்த நாமளே கொறைக்கலாம், 386 அளவுக்கு எறக்கினதும் சத்தமில்லாம தொறந்துது. சாதா டாஸ்பாக்ஸ்ல பிரிண்டர் போர்ட் இல்ல, அதனால பாக்க மட்டுந்தான். பாக்கத்தானே வேணும்.

386-க்கு 2018 மார்ச்ல ஒரு 128 எம்பி சிஎஃப் கார்டும் (பழைய கேமராவுல போடுற மெமரி கார்டு) ஐடிஇ அடாப்டரும் வாங்கி அதுல எல்லாத்தையும் காப்பி பண்ணி மாட்டினேன், சுத்துற டிஸ்க கழட்டி பொட்டலம் கட்டி பீரோல வச்சாங்க. கார்டுக்கும் பயாஸ்ல 47-ல நம்பர் போடணும், 980 - 8 - 32.

அதுக்கப்புறம்

கணக்குப்பிள்ளை 2019-ல வேலைலருந்து நின்னுட்டார். புது சாஃப்ட்வேர்ல அவர் வேகம் பாதிதான், அத அவர் மறைக்கல, ஒரு பில்லுக்கு மூணு தடவ மௌஸ தொட வேண்டியிருக்குன்னு சொல்லிட்டே இருப்பார், அது சரியான குறைதான், பில் போடுற சாஃப்ட்வேர் எழுதுறவங்க இத காதுல வாங்கணும். பையன் அதுக்காக சாஃப்ட்வேர்காரங்ககிட்ட சொல்லி என்டர் கீயிலயே காலம் தாண்டுற மாதிரி மாத்தி வாங்கினான்.

2021-ல பீரோல இருந்த அந்த 170 எம்பி டிஸ்க எடுத்து சும்மா ஓட்டிப் பாத்தேன், சுத்தவே இல்ல. மூணு வருஷம் கெடந்ததுல ஹெட் ஒட்டிக்கிட்டு போல, பழைய டிஸ்க்குக்கு அது வரும். லேசா தட்டுனா சில நேரம் சுத்தும், நான் தட்டல, அதுல இருந்தது மூணு எடத்துல இருக்கு.

386 இப்பவும் கடை மூலையில துணி போட்டு மூடியிருக்கு. வருஷா வருஷம் நவம்பர் கடைசில நான் போய் பென்சில் பாட்டரி மாத்துறேன், மாத்திட்டு தொறந்து ஒரு பழைய பில்ல எடுத்து பாத்துட்டு அணைப்பேன். மூடிக்குள்ள 1010 - 6 - 55-க்கு கீழ மார்க்கர்ல 980 - 8 - 32, சிஎஃப் கார்டு, 2018 மார்ச்னு எழுதியிருக்கேன், அதுக்கு கீழ பாட்டரி மாத்துன தேதி வரிசையா, போன தடவ தேதிய பையன் எழுதினான்.